ஈரத்தை மேலே வைத்து எழுதுங்கள்



வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்பது நம் முன்னோர் மொழி. இரண்டுமே மனிதனின் கைப்பொருளையும் பொறுமையையும் ஒருசேர அளந்து பார்க்கும் காரியங்கள். கல்யாணக் கடன் சில ஆண்டுகளில் தீர்ந்துவிடக்கூடும். வீட்டுக்காக ஏற்கும் பொறுப்போ, இளமையில் கையெழுத்திட்டு முதுமை வரை சுமக்க வேண்டிய ஒன்று. அத்தகைய பொறுப்பைப் பற்றி மக்களுக்கு எழுதுவது எப்படி என்பதே இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

கோலாலம்பூரில் வாழும் வாசகச் சகோதரர் ஒருவர் மடல் வரைந்துள்ளார். இஸ்லாமிய வங்கி முறையில் வீடு வாங்க விரும்புவோருக்கு நிதி ஏற்பாடு செய்து தரும் ஆலோசகர் அவர். அவருடைய வாடிக்கையாளர்களில் பெரும்பாலோர் தமிழ் பேசும் குடும்பத்தினர். தம் தொழிலை அறிமுகப்படுத்த வாரந்தோறும் ஒரு சிறு கட்டுரை எழுதிப் பரப்பி வருகிறார். ஓராண்டாகியும் அவற்றைப் படித்துவிட்டு ஒருவர் கூடத் தேடி வரவில்லையாம். "என் தமிழில் குறையா, என் தொழிலில் குறையா?" என்று கேட்டு, தாம் எழுதியவற்றுள் ஆறு கட்டுரைகளையும் இணைத்தனுப்பியிருக்கிறார்.

ஆறையும் படித்தேன். தமிழ் நன்றாகவே இருக்கிறது. தொழிலைப் பற்றிய அறிவும் குறைவில்லை. ஆனால் ஆறு கட்டுரைகளிலும் ஒரு குடும்பம் இரவில் உறக்கமின்றி எண்ணிப் பார்க்கும் கேள்வி ஒன்று கூட இல்லை. சொந்த வீட்டின் சிறப்பு, வங்கியின் பெருமை, தவணையின் எளிமை, இவையே மீண்டும் மீண்டும் வருகின்றன. படிப்பவருக்கு இவை முன்பே தெரியும். தெரியாததும், கேட்கத் தயங்குவதுமான செய்திகள் வேறு. அவற்றை எழுதுபவரைத் தேடியே மக்கள் செல்வார்கள்.

நம் மாதிரி: ஒரு தானியக் குவியல்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அங்காடியில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்ட நிகழ்ச்சியை நாம் அனைவரும் அறிவோம். மழையில் நனைந்துவிட்டது என்று வணிகர் காரணம் சொன்னார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று பெருமானார் (ஸல்) அவர்கள் வினவினார்கள். ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்றும் எச்சரித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ள நிகழ்ச்சி இது.

அங்கே மழை பெய்ததை எவரும் குற்றமாகக் கருதவில்லை. ஈரத்தை அடியில் வைத்ததுதான் குற்றம். நிதி ஆலோசகரின் எழுத்துக்கும் இதுவே அளவுகோல். எந்த ஒப்பந்தத்திலும் ஈரமான பகுதி ஒன்று இருக்கும். அதை முதற்பத்தியில் வைப்பவர் வாடிக்கையாளரை இழந்துவிடுவார் என்பது பலருடைய அச்சம். உண்மை அதற்கு நேர்மாறானது. ஈரத்தைத் தாமே காட்டியவர் உலர்ந்தது என்று சொல்லும் மற்றதையும் மக்கள் நம்புவார்கள்.

எழுத்தின் குற்றங்கள் எவையென நன்னூலார் பத்தாக வகுத்துச் சொல்லியிருப்பதை இலக்கண வகுப்பில் படித்திருப்போம். அவற்றுள் மூன்று இத்தொழிலுக்கென்றே சொன்னவை போல் பொருந்துகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

குன்றக் கூறல்

சொல்ல வேண்டியதில் ஒரு பகுதியைச் சொல்லி மறு பகுதியை விட்டுவிடுவது குன்றக் கூறல். "மாதம் 1,771 ரிங்கிட் செலுத்தினால் போதும், வீடு உங்களுடையது" என்று சகோதரரின் கட்டுரையொன்று தொடங்குகிறது. இதில் பொய் ஏதும் இல்லை. 4 இலட்சம் ரிங்கிட் நிதியை, ஆண்டுக்கு 4 விழுக்காடு இலாப விகிதத்தில், 35 ஆண்டுகளில் செலுத்தினால் மாதத் தவணை அவ்வளவுதான் வரும். ஆனால் அதே கணக்கின் மறு பகுதி என்ன? 35 ஆண்டுகளில் செலுத்தும் மொத்தத் தொகை ஏறத்தாழ 7 இலட்சத்து 44 ஆயிரம் ரிங்கிட். முதல் மாதம் செலுத்தும் 1,771 ரிங்கிட்டில் வங்கியின் இலாபத்துக்குப் போவது 1,333. அசலில் கழிவது 438 மட்டுமே.

இதே நிதியை 30 ஆண்டுகளில் செலுத்தினால் தவணை 1,910 ரிங்கிட் ஆகும். மாதம் 139 ரிங்கிட் கூடுதல். மொத்தத்திலோ 56 ஆயிரம் ரிங்கிட்டுக்கு மேல் மிச்சம். மலேசியாவில் வீட்டு நிதிக்கு 35 ஆண்டுகளே உச்சக்காலம் என்று 2013-ஆம் ஆண்டில் பேங்க் நெகாரா வரையறுத்தது. உச்சக்காலத்தைக் காட்டித் தவணையைச் சிறிதாக்குவது விற்பனையாளருக்கு எளிது. இரண்டு காலங்களையும் அருகருகே வைத்து, "மாதம் 139 ரிங்கிட் உங்களால் இயலுமா? இயலுமானால் ஐந்தாண்டுச் சுமை குறையும்" என்று எழுதுபவரே ஆலோசகர் எனும் பெயருக்கு உரியவர். ஒரு குடும்பத் தலைவி இந்த இரண்டு வரிகளைப் படித்துவிட்டுக் கணவரிடம் காட்டுவார். மறுநாள் ஆலோசகரைத் தேடி அவர்கள் வருவதற்கு அது போதும்.

கையிருப்பைப் பற்றியும் குன்றக் கூறலாகாது. நாலரை இலட்சம் ரிங்கிட் விலையுள்ள வீட்டுக்கு வங்கி 4 இலட்சம் தருமானால், 50 ஆயிரம் கையிலிருந்தால் போதும் என்று வாங்குபவர் எண்ணுகிறார். சொத்து மாற்றத்திற்கான முத்திரைத் தீர்வை, விலையில் முதல் ஒரு இலட்சத்துக்கு 1 விழுக்காடும், அடுத்த 4 இலட்சத்துக்கு 2 விழுக்காடும் ஆகும். அந்த வீட்டுக்கு இது 8,000 ரிங்கிட். நிதி ஒப்பந்தத்துக்கு அரை விழுக்காடு, அதாவது 2,000 ரிங்கிட். வழக்கறிஞர் கட்டணமும் மதிப்பீட்டுக் கட்டணமும் தனி. முதல் வீடு வாங்கும் குடிமக்களுக்குக் குறிப்பிட்ட விலை வரம்புக்குள் அரசு தீர்வை விலக்கு அளித்து வருகிறது. அவ்விலக்கு வரவு செலவுத் திட்டத்தில் மாறக்கூடியது. எந்த ஆண்டின் விதி என்பதைத் தேதியுடன் எழுத வேண்டும். இந்த ஒரு பொருளை மட்டும் வைத்து, "வீடு வாங்க உண்மையில் கையில் எவ்வளவு வேண்டும்?" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதிப் பாருங்கள். முன்பணம் கட்டிவிட்டுப் பின்னர் நகையை அடகு வைக்க ஓடும் நிலையிலிருந்து சில குடும்பங்களை அது காப்பாற்றும்.

மிகைபடக் கூறல்

உள்ளதைக் காட்டிலும் ஏற்றிச் சொல்வது மிகைபடக் கூறல். "உறுதியான ஒப்புதல்" என்பது ஒரு மிகை. ஒப்புதல் தருவது வங்கியே அன்றி ஆலோசகர் அல்லர். மலேசியாவில் ஒருவர் எந்த வங்கியில் எவ்வளவு கடன் வைத்திருக்கிறார், கடந்த 12 மாதங்களில் தவணைகளை எவ்வாறு செலுத்தினார் என்பதெல்லாம் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். எனும் பதிவேட்டில் இருக்கின்றன. விண்ணப்பதாரரே தம் அறிக்கையைக் கேட்டுப் பெற்றுப் பார்க்கலாம். "விண்ணப்பிக்கும் முன் உங்கள் பதிவேட்டைப் பாருங்கள், அதைப் படிப்பது இப்படி" என்று எழுதுவது, உறுதி கூறுவதை விடப் பயனுடையது.

"தவணை என்றும் உயராது" என்பது அதைவிடக் கொடிய மிகை. மலேசியாவில் வீட்டு நிதியின் விகிதம் பெரும்பாலும் பேங்க் நெகாராவின் ஓ.பி.ஆர். எனும் அடிப்படை விகிதத்தை ஒட்டி ஏறி இறங்குவது. 2020 ஜூலையில் அது 1.75 விழுக்காடாகத் தாழ்ந்தது. 2022 மே மாதம் முதல் படிப்படியாக உயர்த்தப்பட்டு, 2023 மே மாதத்தில் 3 விழுக்காட்டை எட்டியது. 2025 ஜூலையில் 2.75 ஆகக் குறைக்கப்பட்டது. ஓராண்டுக் காலத்தில் ஒன்றேகால் விழுக்காடு என்பது பார்வைக்குச் சிறு எண். 4 இலட்சம் ரிங்கிட் நிதியில், 35 ஆண்டுக் கணக்கில், விகிதம் 3-லிருந்து 4.25 ஆனால் மாதத் தவணை 1,539-லிருந்து 1,832 ரிங்கிட்டாகும். ஒரு குடும்பத்தின் பள்ளி வாகனச் செலவும் மருந்துச் செலவும் அந்த வேறுபாட்டுக்குள் அடங்கிவிடும். ஆகவே இன்றைய தவணையோடு, விகிதம் ஒரு விழுக்காடு உயர்ந்தால் வரும் தவணையையும் சேர்த்தே எழுதுவதை வழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

மார்க்கத்தின் பெயரால் மிகைபடக் கூறுவது இன்னும் ஆபத்தானது. சகோதரரின் நான்கு கட்டுரைகளில் "முழுக்க முழுக்க ஹலால், எல்லா உலமாக்களும் ஏற்றது" என்ற தொடர் வருகிறது. இங்கே சற்று நிதானிக்க வேண்டும்.

மலேசியாவில் 1983-ஆம் ஆண்டு இஸ்லாமிய வங்கிச் சட்டம் இயற்றப்பட்டு, அவ்வாண்டே பேங்க் இஸ்லாம் தன் பணியைத் தொடங்கியது. அச்சட்டத்தின் இடத்தில் 2013-இல் இஸ்லாமிய நிதிச் சேவைகள் சட்டம் வந்தது. இன்று அங்கே வீட்டு நிதியில் இரண்டு முறைகள் பரவலாக உள்ளன. ஒன்று முஷாரகா முதனாகிஸா. வங்கியும் வாங்குபவரும் கூட்டாக வீட்டை வாங்கி, வங்கியின் பங்குக்கு வாங்குபவர் வாடகை தந்து, அப்பங்கைச் சிறிது சிறிதாகத் தம்முடையதாக்கிக் கொள்வது அது. மற்றொன்று தவர்ருக். வங்கி செம்பனை எண்ணெய் போன்ற ஒரு சரக்கை வாங்கி, இலாபம் சேர்த்துத் தவணை விலைக்கு வாடிக்கையாளருக்கு விற்கிறது. வாடிக்கையாளர் சார்பில் அச்சரக்கு உடனே ரொக்கத்துக்கு விற்கப்பட்டு, அப்பணம் வீட்டின் விலையாகச் செலுத்தப்படுகிறது. இத்தகைய சரக்கு வணிகத்துக்கென்றே 2009-இல் கோலாலம்பூரில் புர்ஸா ஸூக் அஸ்ஸிலா எனும் அங்காடி தொடங்கப்பட்டது.

வங்கிகள் திட்டமிட்டு நடத்தும் தவர்ருக்கை மலேசியாவின் ஷரீஆ ஆலோசனைக் குழு ஏற்றிருக்கிறது. உலக அளவிலான இஸ்லாமிய ஃபிக்ஹ் பேரவையோ 2009-இல் ஷார்ஜாவில் கூடியபோது அது கூடாது என்று முடிவு செய்தது. இரு தரப்பிலும் கற்றறிந்தோர் உள்ளனர். இதில் தீர்ப்புச் சொல்வது இப்பக்கத்தின் வேலையன்று. ஆலோசகரின் வேலையும் அன்று. ஆனால் இப்படியொரு கருத்து வேறுபாடு இருப்பதை மறைத்து, "எல்லோரும் ஏற்றது" என்று எழுத அவருக்கு உரிமையில்லை. இம்முறை எது, ஏற்றவர் யார், மறுத்தவர் யார் என்று நான்கு வரியில் எழுதிவிட்டு, "தங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்து வாருங்கள், அதுவரை காத்திருக்கிறேன்" என்று முடிக்கட்டும். தெளிந்து வருபவர் பின்னாளில் மனம் வருந்தமாட்டார், ஆலோசகரையும் பழிக்கமாட்டார்.

மயங்க வைத்தல்

படிப்பவருக்குப் பொருள் விளங்காதவாறு எழுதுவது மயங்க வைத்தல். அரபுச் சொல்லொன்றும் சட்டச் சொல்லொன்றும் ஒரே வரியில் விளக்கமின்றி வந்தால், சாதாரண வாசகர் அங்கேயே தாளை மடித்து வைத்துவிடுவார். சொல்லைத் தவிர்க்க வேண்டும் என்பதில்லை. ஒப்பந்தத்தில் அச்சொல்தானே இருக்கும்? முதல்முறை வரும்போது அதன் பொருளை எளிய தமிழில் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுங்கள், போதும்.

மயக்கத்துக்குப் பெரிய எடுத்துக்காட்டு, ஒப்பந்தத்தில் காணப்படும் விற்பனை விலை. தவர்ருக் போன்ற விற்பனை அடிப்படையிலான ஒப்பந்தத்தில் விலையைத் தொடக்கத்திலேயே உறுதி செய்தாக வேண்டும். பின்னாளில் விகிதம் உயரக்கூடும் என்பதால், வங்கி ஓர் உச்சவரம்பு விகிதத்தைக் கொண்டு அவ்விலையைக் கணக்கிடும். உச்சவரம்பு 10 விழுக்காடு என்று கொள்வோம். 4 இலட்சம் ரிங்கிட் நிதிக்கு, 35 ஆண்டுகளில், விற்பனை விலை ஏறத்தாழ 14 இலட்சத்து 44 ஆயிரம் ரிங்கிட் என்று தாளில் இருக்கும்! உண்மையில் நடைமுறை விகிதத்துக்கும் உச்சவரம்புக்கும் உள்ள வேறுபாட்டை வங்கி இப்ரா எனும் தள்ளுபடியாகக் கழித்துவிடும். முன்னதாகவே கணக்கை முடிப்பவர்களுக்கும் இந்தத் தள்ளுபடியை அளித்தாக வேண்டும் என்று பேங்க் நெகாரா விதித்திருக்கிறது.

இதை முன்கூட்டியே அறியாத ஒருவர் வழக்கறிஞர் அலுவலகத்தில் அமர்ந்து, கையெழுத்திடும் நேரத்தில் அந்த எண்ணைக் காண்கிறார் என்று எண்ணிப் பாருங்கள். நான்கு இலட்சம் வாங்கப் போனவருக்குப் பதினான்கு இலட்சம் என்று எழுதியிருக்கிறது. ஒருவர் அஞ்சி எழுந்து போய்விடுவார். இன்னொருவர் கேட்க வெட்கப்பட்டு, புரியாமலே கையெழுத்திடுவார். இரண்டுமே இழப்பு. "ஒப்பந்தத்தில் 14 இலட்சம் என்று இருக்கிறதே, ஏன்?" என்ற தலைப்பில் ஒரு கட்டுரை எழுதியிருந்தால், அந்தத் தலைப்பே அவரை ஆலோசகரின் வாசலுக்கு அழைத்து வந்திருக்கும். சகோதரர் அனுப்பிய ஆறு கட்டுரைகளில் இந்தச் செய்தி ஒரே ஒரு முறை வருகிறது. அதுவும் கடைசிப் பத்தியில், சிறிய எழுத்தில். ஈரம் அடியிலேயே இருக்கிறது!

இல்லத்தரசியின் கேள்வி

வீட்டு நிதியைப் பற்றி ஆண்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் தவணையைப் பற்றியது. பெண்கள் கேட்பதோ, பல வேளைகளில் கேளாமலே மனத்தில் வைத்திருப்பதோ, வேறொன்று: "அவருக்கு ஏதேனும் நேர்ந்துவிட்டால் இந்தக் கடன் யார் தலையில்?"

வாரிசுகளுக்குப் பங்கிடும் முன் இறந்தவரின் கடனைத் தீர்க்க வேண்டும் என்பது நம் சட்டம். அதன் பொருட்டே மலேசியாவில் வீட்டு நிதியோடு குறைந்துசெல்லும் தகாஃபுல் காப்பு எடுப்பது வழக்கம். நிதி பெற்றவர் இறந்தாலோ நிரந்தரமாகச் செயலிழந்தாலோ மீதிக் கடனை அது செலுத்தும். நிலுவை குறையக் குறையக் காப்புத் தொகையும் குறைந்துகொண்டே வரும். ஆயினும் எழுத வேண்டிய ஈரம் இதிலும் உண்டு. நிதியின் காலம் 35 ஆண்டுகளாகவும் காப்பின் காலம் 20 ஆண்டுகளாகவும் இருந்தால், கடைசிப் பதினைந்து ஆண்டுகளுக்குக் காப்பு இல்லை. கணவன் மனைவி இருவரும் கையெழுத்திட்டு, காப்பு கணவர் பெயரில் மட்டும் இருந்தால், மனைவி இறந்தபின் முழுத் தவணையும் கணவர் ஒருவரின் வருவாயிலிருந்தே போக வேண்டும். கட்டணத்தைக் குறைத்துக் காட்டக் காப்பைச் சுருக்கும் வழக்கம் எங்கும் உள்ளதே. காப்பு எத்தனை ஆண்டு, யார் பெயரில், எவ்வளவு தொகைக்கு என்ற மூன்று கேள்விகளையும் ஒரு கட்டுரையில் எழுதி, "உங்கள் தாளை எடுத்து இப்போதே பாருங்கள்" என்று சொல்லுங்கள். ஏற்கெனவே வேறிடத்தில் நிதி பெற்றவர்கள் கூட அதை எடுத்துக்கொண்டு உங்களிடம் வருவார்கள்.

கட்டுரையின் அமைப்பு

இனி, எழுதும் முறையைச் சுருக்கமாகச் சொல்லலாம்.

வாடிக்கையாளர் வாய்ப்படக் கேட்கும் கேள்விகளைக் குறித்துவைக்க ஒரு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். அவர் கேட்ட சொற்களிலேயே எழுதுங்கள். அதுவே தலைப்பு. ஒரு கட்டுரைக்கு ஒரு கேள்வி போதும். தவணையைத் தொடங்கித் தகாஃபுலுக்குத் தாவி, வீட்டு விலையின் வரலாற்றில் முடிப்பது மற்றொன்று விரித்தல் என்னும் குற்றமாகும்.

விடையை முதற்பத்தியிலேயே தந்துவிடுங்கள். விடையைக் கடைசி வரை மறைத்துவைத்தால் வாசகர் நன்றி பாராட்டமாட்டார். விடைக்குப் பின் காரணம், காரணத்துக்குப் பின் எண்களுடன் ஓர் எடுத்துக்காட்டு, அதன்பின் விதிவிலக்கு. எடுத்துக்காட்டில் வரும் தொகை உங்கள் வாசகர்கள் வாங்கக்கூடிய வீட்டின் தொகையாக இருக்கட்டும். மாளிகையின் கணக்கைச் சொல்லி அடுக்குமாடி வாசியை அயர வைக்க வேண்டாம்.

விகிதம், தீர்வை, விலக்கு ஆகியவற்றைக் குறிப்பிடும் ஒவ்வொரு கட்டுரையிலும் எழுதிய தேதி இருக்க வேண்டும். விதி மாறினால் பழைய கட்டுரையைத் திருத்தி, திருத்திய நாளையும் குறிப்பிடுங்கள். பழைய விகிதத்தை நம்பி வந்தவரிடம் "அது அப்போது" என்று சொல்வது கண்ணியமாகாது.

வாடிக்கையாளரின் கதையை எழுதி ஈர்க்க வேண்டாம். பெயரை மாற்றினாலும், "பத்துப் பிள்ளைகளுடைய உணவகக்காரர்" என்றால் அந்த வட்டாரத்தில் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஒருவருடைய வருவாயும் கடனும் உங்களிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். கற்பனை எண்களைக் கொண்ட எடுத்துக்காட்டே போதுமானது. அது எடுத்துக்காட்டுத்தான் என்றும் சொல்லிவிடுங்கள்.

உங்கள் ஊதியம் எங்கிருந்து வருகிறது என்பதை ஒரு வரியில் எழுதுங்கள். வங்கி தரும் கமிஷனா, வாடிக்கையாளர் தரும் கட்டணமா? எந்தெந்த வங்கிகளின் நிதியை ஏற்பாடு செய்கிறீர்கள்? நிதித் தொகைக்கேற்பக் கமிஷன் உயருமானால், பெரிய தொகையைப் பரிந்துரைக்க ஆலோசகருக்கு ஆசை எழும் என்பது வாசகருக்குத் தெரியாததன்று. நீங்களே சொல்லிவிட்டால் அந்த ஐயம் அங்கேயே தணியும்.

இறுதியில் அழைப்பு. "உடனே வாருங்கள், வாய்ப்பு இன்றோடு முடிகிறது" என்று வேண்டாம். "வரும்போது மூன்று மாதச் சம்பளச் சீட்டும், நடப்பிலுள்ள கடன்களின் பட்டியலும் கொண்டு வாருங்கள், அரைமணி நேரத்தில் கணக்கிட்டுச் சொல்வேன்" என்று எழுதுங்கள். என்ன செய்ய வேண்டும் என்று தெரிந்தவர் செய்வார், அவசரப்படுத்தப்பட்டவர் விலகுவார்.

வாங்க வேண்டாம் என்றும் எழுதுங்கள்

சகோதரர் எழுதாமல் விட்ட கட்டுரைகளுள் மிகவும் பயனுள்ளது எது என்று கேட்டால், "யார் இப்போது வீடு வாங்கலாகாது?" என்பதைத்தான் சொல்வேன். இரண்டாண்டில் ஊர் திரும்பும் எண்ணமுடையவர், மூன்று மாதச் செலவுக்குக் கூடக் கையிருப்பு இல்லாதவர், கடன் அட்டை நிலுவையை அடைக்க முடியாமல் தவிப்பவர், உறவினர் வற்புறுத்தலுக்காக உடன் கையெழுத்திட வந்தவர், இவர்களெல்லாம் காத்திருப்பது நலம். கடனில் சிக்கித் திணறுபவருக்கு வழிகாட்டவென்றே பேங்க் நெகாரா 2006-இல் ஏ.கே.பி.கே. எனும் ஆலோசனை நிறுவனத்தை அமைத்திருக்கிறது. அதன் ஆலோசனைக்குக் கட்டணமில்லை. அந்த வாசலைக் காட்டிவிடுவதும் ஆலோசகரின் கடமையே.

அவ்வாறு எழுதினால் வருவோர் குறைந்துவிடுவார்களே என்று சகோதரர் கவலைப்படலாம். அன்று திருப்பியனுப்பப்பட்டவர் மூன்றாண்டு கழித்துச் சேமிப்போடு வரும்போது வேறு எவரிடம் செல்வார்? அதற்கிடையில் தம் அண்ணனையும் மைத்துனரையும் யாரிடம் அனுப்புவார்? இத்தொழிலில் விளம்பரம் ஒருவரை ஒருமுறை அழைத்து வரும். நம்பிக்கை ஒரு குடும்பத்தையே தலைமுறைக்கும் அழைத்து வரும்.

எழுதுபவரின் இடம்

திருக்குர்ஆனின் மிக நீண்ட வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம், கடனை எழுதிவைப்பது பற்றியது. அங்கே எழுதுபவருக்கு இடப்பட்ட முதல் கட்டளை, நீதியோடு எழுத வேண்டும் என்பது. வாசகத்தைச் சொல்லித்தர வேண்டியவர் கடன் கொடுப்பவர் அல்லர்; கடன்படுபவர். அவர் இயலாதவராயின் அவருக்காகப் பொறுப்பாளர் நீதியோடு சொல்ல வேண்டும். கொடுப்பவர் கை ஓங்கியிருக்கும் ஓர் உறவில், எழுத்து பலவீனமானவர் பக்கம் நிற்க வேண்டும் என்ற ஏற்பாட்டை இதில் காண்கிறோம்.

இன்றைய ஒப்பந்தங்களில் வாசகத்தை எழுதுவது வங்கியின் வழக்கறிஞர். கடன்படுபவர் கையெழுத்திட மட்டுமே அழைக்கப்படுகிறார். அவருக்குப் புரியும் மொழியில், அவர் பக்கம் நின்று, ஒவ்வொரு நிபந்தனையையும் கையெழுத்துக்கு முன்பே விளக்கி எழுத ஒருவர் தேவைப்படுகிறார். கோலாலம்பூர்ச் சகோதரர் அந்த இடத்தில் அமர்ந்து எழுதட்டும். அடுத்த வாரக் கட்டுரைக்குத் தலைப்பு ஆயத்தமாக இருக்கிறது: ஒப்பந்தத்தில் 14 இலட்சம் என்று இருக்கிறதே, ஏன்?